பழைய கூட்டில் புதிய கோழிகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு விடுதி மாணவியர் சார்பில்)



கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப் போகிறோம் என்றவுடன், "இது என்ன பெரிய செய்தி? எங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியாததா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றை நாங்கள் தெரிந்து வைத்திராத காரணத்தால் ஓர் உயிரை இழந்தோம். அதன் பிறகு கேட்டும், படித்தும், கண்ணால் கண்டும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்து எழுதியிருக்கிறோம். இதைப் படித்தபின் யாரேனும் ஒருவர் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சாவது பிழைத்துக்கொண்டால், எங்கள் முயற்சிக்கு அதுவே பரிசு.

நடந்தது என்ன?

எங்கள் விடுதிச் சமையற்கட்டின் பின்புறம், முருங்கை மரத்தடியில் ஒரு கோழிக்கூடு இருக்கிறது. அதில் 9 பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. கூட்டைத் திறந்து விடுவது, தண்ணீர் வைப்பது, முட்டை எடுப்பது ஆகிய வேலைகளைப் பத்தாம் வகுப்பு விடுதி மாணவியராகிய நாங்கள் முறை வைத்துச் செய்து வருகிறோம். பெட்டைகளுக்கு வயதாகி முட்டை குறைந்து போனதால், சென்ற ஜூலை மாதம் 10 வார வயதுள்ள 6 இளங்கோழிகளை வாங்கி வந்தார்கள்.

அன்று சனிக்கிழமை. புதிய தோழிகள் வந்தால் பழைய கோழிகள் மகிழ்ச்சி அடையும் என்று எண்ணிக்கொண்டு, கோழிகள் அடையும் நேரத்தில் ஆறையும் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். உள்ளே சத்தமே இல்லை. "பார்த்தாயா, எவ்வளவு ஒற்றுமை!" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டே படிக்கப் போய்விட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து, சிற்றுண்டியும் முடிந்து, வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கூட்டைத் திறந்தோம். ஒரு குஞ்சு மூலையில் இறந்து கிடந்தது. இரண்டு குஞ்சுகள் உச்சந்தலையில் இறகில்லாமல், இரத்தம் கசிய, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. எங்களில் சிலர் அழுதுவிட்டோம். சிலர் பழைய கோழிகளைக் கம்பெடுத்து விரட்டினோம்.

கோழிகளுக்குப் பொறுப்பான சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "கோழிகளை அடிக்காதீங்க, பிள்ளைகளா. அதுங்களுக்குத் தெரிஞ்சதை அதுங்க செஞ்சிருக்கு. நமக்குத் தெரியாததுதான் குற்றம்" என்றார்கள்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "பஞ்சாரத்துல போட்டு வைக்கலையா, சிஸ்டர்?" சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அந்த வாரந்தான் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்த மாணவி அவள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவள் குரலை நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதை நினைத்தால் இப்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

கொத்தும் வரிசை

பழைய கோழிகள் புதியவற்றை ஏன் கொத்துகின்றன? கோழிக்கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இடம் உண்டு. முதலிடத்தில் உள்ள கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தலாம்; அதை யாரும் கொத்த முடியாது. இரண்டாவது கோழி, முதற்கோழிக்கு மட்டும் விலகி நின்று மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கி வந்து, கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். தீவனம், தண்ணீர், அடையும் கழியில் நல்ல இடம், முட்டையிடும் பானை, எல்லாம் இந்த வரிசைப்படிதான்.

இதை முதன்முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்து சொன்னவர், நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பெ (1894–1976) என்பவர். சிறு பிள்ளையாய் இருந்தபோதே கோழிகளை உற்றுப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் அவர். வளர்ந்த பின், 1922-ஆம் ஆண்டு, தம் ஆராய்ச்சியை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இன்று அலுவலகம், அரசியல் என எல்லா இடங்களையும் பற்றிப் பேசும்போது "கொத்தும் வரிசை" என்ற சொல்லை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? அது கோழிக்கூட்டிலிருந்து பிறந்த சொல் என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம்.

இந்த வரிசை கொடுமையானது போலத் தோன்றினாலும் அதில் ஒரு நன்மையும் உண்டு. தன் இடம் தெரிந்தபின் கோழிகள் தினந்தோறும் சண்டையிடுவதில்லை. பெரிய கோழி ஒரு பார்வை பார்த்தாலே சிறியது விலகிவிடும். அதனால்தான் பழகிய கூட்டம் அமைதியாக மேய்கிறது. ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்தே கோழிகள் அடையாளம் கண்டுகொள்கின்றன. அடையாளம் தெரியாத தலை ஒன்று நடுவில் வந்து நின்றால், "நீ எனக்கு மேலா, கீழா?" என்று கேட்காமல் விடுவதில்லை. கோழி அந்தக் கேள்வியை அலகால்தான் கேட்கும்.

ஒரு சிறு கணக்கு

கணிதப் பாடத்தில் படித்ததை இங்கே பயன்படுத்திப் பார்த்தோம். 9 பெட்டைகள் இருந்தால், இரண்டிரண்டாக எடுக்கும்போது 36 இணைகள் வரும். அஃதாவது, 36 வழக்குகள் ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டன. சேவல்களுக்கிடையே உள்ள வரிசை வேறு, பெட்டைகளுக்கிடையே உள்ள வரிசை வேறு. ஆதலால் சேவலை இதில் சேர்க்கவில்லை. அதே கூட்டத்தில் 5 புதிய பெட்டைகள் சேர்ந்தால் மொத்தம் 14. இப்போது இணைகள் 91. ஆக, 55 புதிய வழக்குகளை நாம் ஒரே இரவில் அந்தச் சிறிய கூட்டுக்குள் கொட்டிவிடுகிறோம்! அதுவும் ஓடி ஒளிய இடமில்லாத கூட்டில், விடிந்த பிறகும் கதவைத் திறக்காமல். நாங்கள் செய்தது அதுதான்.

ஆகவே, புதிய கோழிகளைச் சேர்ப்பது என்றால் அந்த வழக்குகளை அவசரமின்றி, இரத்தம் சிந்தாமல், ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொள்ள வழி செய்து கொடுப்பதே ஆகும். கொத்தே இல்லாமல் செய்ய நம்மால் முடியாது. கொத்து வாங்கிய கோழி தப்பிச் செல்ல இடமும் நேரமும் கொடுக்க முடியும்.

முதற்படி: விலக்கி வைத்தல்

சண்டைக்கு முன்னால் நோயைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். சந்தையிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்த கோழி பார்வைக்கு நன்றாக இருக்கலாம். நோய் உள்ளே இருக்கலாம். நம் நாட்டில் கோழிகளை அதிகமாகக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரின் பெயரால் நம் நாட்டில் இதை ராணிக்கெட் நோய் என்கிறார்கள். இங்கிலாந்தில் 1926-ஆம் ஆண்டு நியூகாசில் நகரத்தருகே கண்டறியப்பட்டதால் பிற நாடுகளில் நியூகாசில் நோய் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றே. நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்த பின் அறிகுறி வெளியே தெரிய 2 முதல் 15 நாட்கள் வரை ஆகலாம்.

எனவே, புதிய கோழிகளைக் குறைந்தது 3 வாரம், முடிந்தால் ஒரு மாதம், பழைய கோழிகளின் பக்கமே வராமல் தனியே வைக்க வேண்டும். தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் தனியாக இருக்க வேண்டும். முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, அதன் பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். அங்கிருந்து திரும்பியதும் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிச்சல், தும்மல், மூக்கொழுகல், இறகுக்கடியில் பேன், செதில் விட்டுத் தடித்த கால், இவை இருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும்.

தடுப்பு மருந்தும் முக்கியம். ராணிக்கெட் நோய்க்குக் குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் அளவில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுகிறார்கள். 8-ஆம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி போடுகிறார்கள். கோழி வாங்கும்போதே, "என்னென்ன தடுப்பு மருந்து போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. ஐயம் இருந்தால் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதியவற்றால் பழையவற்றுக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி பழைய கோழிகளின் எச்சத்தில் இருக்கும். அவற்றின் உடல் அதற்குப் பழகிவிட்டதால் அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. இளங்கோழிக்கோ அது எமனாகும். ஆகவே, கூட்டின் தரை ஈரமில்லாமல், பழைய கூளம் மாற்றப்பட்டு, உலர்ந்து இருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக நம் நாட்டிற்குள் வந்தபோது எத்தனையோ கோழிகளை அழிக்க நேர்ந்தது. எனவே, கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று இறந்தால் அவற்றைக் கையால் தொடாமல், மறைக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது நம் கடமையாகும்.

எங்கள் குஞ்சுகள் ஓர் இரவு முழுவதும் பழைய கோழிகளோடு இருந்துவிட்டன. நோய் எதுவும் வராதது இறைவன் அருள். மிஞ்சிய 5 குஞ்சுகளையும் விறகு அறையில் தனியே வைத்தோம். காயத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம். 3 வாரத்தில் தலையில் புதிய இறகு முளைத்தது.

இரண்டாம் படி: பஞ்சாரம்

இனித்தான் எங்கள் புதிய தோழி சொன்ன பஞ்சாரம் வருகிறது. பஞ்சாரம் என்பது மூங்கிற் சிம்புகளால் இடைவெளி விட்டுப் பின்னிய பெரிய கூடை. அதைக் கவிழ்த்து வைத்து அதற்குள் கோழியை அடைப்பார்கள். உள்ளே இருக்கும் கோழி வெளியே உள்ளதைப் பார்க்கலாம். வெளியே இருக்கும் கோழியும் உள்ளே உள்ளதைப் பார்க்கலாம். ஆனால் கொத்த முடியாது. பார்த்துப் பழக வேண்டும், தொடக் கூடாது. எவ்வளவு எளிய அறிவு, பாருங்கள்!

ஊரிலிருந்து அவளுடைய பாட்டி பஞ்சாரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். பழைய கோழிகள் மேயும் முற்றத்தின் நடுவில், நிழலில், அதை வைத்து 5 குஞ்சுகளையும் பகலில் அதற்குள் விட்டோம். உள்ளேயே தண்ணீரும் தீவனமும் வைத்தோம். இரவில் பாதுகாப்புக்காக விறகு அறைக்கே எடுத்துச் சென்றோம். முதல் நாள் பழைய கோழிகள் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூடையைக் கொத்தின.

நாங்கள் அதோடு விட்டிருப்போம். அவள்தான், "மூடி வெச்சா மட்டும் போதாதுடி. கூடைக்குப் பக்கத்துலயே சுத்தித் தீனி போடணும். பக்கத்துல பக்கத்துல சேர்ந்து தின்னாத்தான் பழகும்" என்றாள். அப்படியே கூடையைச் சுற்றிக் கம்பும் குருணையும் இறைத்தோம். உள்ளே 5 தலைகள், வெளியே 10 தலைகள், நடுவே மூங்கில் மட்டும். 4-ஆம் நாள் யாரும் கூடையைக் கொத்தவில்லை. 10-ஆம் நாள் ஒரு பழைய கோழி கூடையின் மேல் சாய்ந்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

அன்று இரவு உணவறையில் எங்களுக்கு ஒன்று தோன்றியது. அவள் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் கடைசி மேசையில் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளைக் கொத்தவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. அன்று எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனோம். முதலில் அவளும் பேசவில்லை, எங்களுக்கும் பேச ஒன்றும் வரவில்லை. பிறகு கோழியைப் பற்றியே பேசினோம்.

பஞ்சாரம் இல்லாத வீட்டில் கூட்டின் ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்துக்கொள்ளலாம். வலைக்கண் வழியே தலை நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த முறையானாலும் குறைந்தது ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் மிக நல்லது.

மூன்றாம் படி: வயதும் தீவனமும்

சிறு குஞ்சைப் பெரிய கோழிகளோடு விடவே கூடாது. ஏறக்குறைய உடலளவு ஒத்து வரும் வரை, அஃதாவது 12 முதல் 16 வாரம் வரை, பொறுத்திருக்க வேண்டும். நாங்கள் முதலில் விட்டபோது எங்கள் குஞ்சுகளுக்கு 10 வாரம். இரண்டாம் முறை விடும்போது ஏறத்தாழ 15 வாரம். தோற்றத்திலேயே வேறுபாடு தெரிந்தது.

ஒரே ஒரு கோழியைத் தனியாகச் சேர்ப்பதும் தவறு. எல்லாக் கொத்தும் அந்த ஒன்றின் மேலேயே விழும். இரண்டு மூன்றாகவாவது சேர்க்க வேண்டும். சிறு வயதிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவையாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணையாகும்.

தீவனத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. முட்டைக்கோழிக்கான தீவனத்தில் ஓடு உருவாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து 3 முதல் 4 விழுக்காடு வரை சேர்ப்பார்கள். வளரும் கோழிக்குத் தேவையானது 1 விழுக்காடு அளவுதான். அதிகச் சுண்ணாம்பு இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் ஒரே தட்டில் தின்னும்போது என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான தீவனத்தையே கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட வேண்டும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும். இளையது பெரும்பாலும் அதைத் தொடாது. புதியவை முட்டையிடத் தொடங்கிய பின் பழைய தீவனத்துக்கு மாறலாம்.

நான்காம் படி: சேர்க்கும் நாள்

சேர்ப்பதற்கு நல்ல இடம் திறந்த முற்றம். மாலையில் கோழிகள் அடைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பஞ்சாரத்தைத் தூக்கிவிட வேண்டும். அப்போது எல்லாக் கோழிகளுக்கும் மேய்ச்சலில்தான் கவனம் இருக்கும். சிறிது நேரத்தில் இருட்டிவிடுவதால் சண்டையும் நீளாது. இப்படி 3, 4 மாலைகள் விட்டுப் பார்த்து, பெரிய சண்டை இல்லையென்றால் இருட்டிய பின் புதியவற்றை எடுத்துப் பழையவற்றின் பக்கத்தில் கழிமேல் உட்கார வைக்கலாம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாதாகையால் இரவில் சண்டை இராது.

"இதைத்தானே நீங்கள் முதலிலும் செய்தீர்கள்?" என்று கேட்பீர்கள். ஆம், இரவில் விட்டது தவறன்று. முன்னதாகப் பழக்காமல் விட்டதும், விடியற்காலையில் போய்த் திறக்காமல் விட்டதுமே தவறு. இரண்டாம் முறை, விடியும் முன்பே எங்களில் இருவர் கூட்டுக்கருகே காத்திருந்து, முதல் வெளிச்சத்தில் கதவைத் திறந்தோம். அதற்குச் சிஸ்டர் அனுமதி கொடுத்ததோடு, தாமும் ஜெபமாலையோடு வந்து எங்களுடன் நின்றார்கள்.

அன்று செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகள் இவை:

1. தீவனத் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் குறைந்தது இரண்டிரண்டு, எட்ட எட்ட வைக்க வேண்டும். ஒன்றிலிருந்து விரட்டப்பட்ட கோழி மற்றொன்றில் தின்னலாம்.

2. ஒளிய இடம் வேண்டும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை, செடிப் புதர் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரே வழி உள்ள மூலை, ஒளியும் இடமன்று, பொறி.

3. கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடிக்குக் குறையாத தரை வேண்டும். புதிதாகச் சேர்க்கும் காலத்தில் அதற்கு மேலும் இருந்தால் நல்லது.

4. கீரைக்கட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தலைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். அலகுக்கு வேலை இருந்தால் பிறர் தலைமேல் போகாது.

கொத்து எப்போது ஆபத்து?

ஒரு கொத்து, ஓர் ஓட்டம், பிறகு அமைதி. இது இயற்கை. இதில் நாம் குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் தீர வேண்டிய வழக்கு தீராமலே நிற்கும். ஆனால் ஒரு கோழியைத் தின்னவும் குடிக்கவும் விடாமல் விரட்டிக்கொண்டே இருந்தாலோ, மூலையில் மடக்கி விடாமல் கொத்தினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழிகளும் அங்கேயே கொத்தும். எங்கள் குஞ்சு இறந்ததும் அப்படித்தான். காயம்பட்ட கோழியை உடனே பிரித்தெடுத்து, காயம் முற்றும் ஆறிய பிறகே மீண்டும் விட வேண்டும்.

காயமில்லாமல் தொல்லை மட்டும் தொடர்ந்தால், தொல்லைப்படும் கோழியைப் பிரிப்பதைவிட, தொல்லை தரும் கோழியை மூன்று நான்கு நாள் பிரித்து வைப்பதே சரி. திரும்பி வரும்போது அதன் செருக்கு குறைந்திருக்கும். அதற்குள் புதியவை கூட்டத்தில் நிலைத்துவிடும்.

எங்கள் கூட்டில் முதலிடத்தில் இருப்பது செவலை. கடைசி இடத்தில் இருந்தது புள்ளி. செவலையைக் கண்டுதான் நாங்கள் அஞ்சினோம். ஆனால் செவலை புதியவை ஒவ்வொன்றையும் ஒரு முறை கொத்திவிட்டுத் தன் பாட்டுக்கு மேயப் போய்விட்டது. நாள் முழுவதும் விடாமல் விரட்டியது புள்ளி! இதுவரை எல்லோரிடமும் கொத்து வாங்கிய கோழி. சிஸ்டரிடம் காரணம் கேட்டோம். "தனக்குக் கீழே ஒருத்தர் வந்தாச்சுன்னு அதுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். ஆறாம் வகுப்பில் நாங்கள் விடுதிக்கு வந்த புதிதில் பட்ட கேலிகளையும், அடுத்த ஆண்டு வந்தவர்களிடம் நாங்கள் செய்ததையும் எண்ணிப் பார்த்துத் தலைகுனிந்தோம். புள்ளியை 4 நாள் பஞ்சாரத்துக்குள் வைத்தோம். வெளியே வந்தபின் அதன் விரட்டல் குறைந்துவிட்டது.

புதிய வரிசை அமைந்து கூட்டம் அமைதி அடைய ஒரு வாரம் முதல் மூன்று நான்கு வாரம் வரை ஆகலாம். அந்நாட்களில் பழைய கோழிகளின் முட்டையும் சற்றுக் குறையும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

தாய்க்கோழியின் வழி

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. கூட்டத்தில் ஏதேனும் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தால், பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இருட்டில் மெதுவாக அதன் வயிற்றுக்கடியில் வைத்துவிட வேண்டும். காலையில் அது அவற்றைத் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்வதுண்டு. ஏற்கிறதா என்று விடிந்தவுடன் பார்க்க வேண்டும். ஏற்காமல் கொத்தினால் எடுத்துவிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் நமக்கு வேலையே இல்லை. கூட்டத்தில் எந்தக் கோழி அருகே வந்தாலும் தாய் இறகை விரித்துச் சீறும். தாயின் நிழலில் வளரும் குஞ்சுகள் கூட்டத்தின் வரிசையைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கின்றன. சில வாரங்களில் தாய் அவற்றைக் கொத்திப் பிரிக்கும்போது அவை அக்கூட்டத்துக்குப் புதியவை அல்ல.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது நம் பழமொழி. தாய்க்கோழியின் காலுக்கு அது பொருந்தும். அயல் கோழியின் அலகுக்குப் பொருந்தாது. நம் ஆண்டவர் இயேசு, எருசலேமை நினைத்து வருந்தியபோது, குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்த்துக்கொள்ளும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். கழுகையோ சிங்கத்தையோ சொல்லாமல் கோழியை ஏன் சொன்னார் என்பது, முற்றத்தில் குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

நிறைவாக

விலக்கி வைத்து நோய் பார்த்தல், பஞ்சாரத்தில் வைத்துப் பழக்குதல், உடலளவு ஒத்து வரும் வரை பொறுத்தல், தப்பிச் செல்ல இடம் கொடுத்துச் சேர்த்தல், விடியலில் அருகே நிற்றல். இந்த ஐந்தையும் செய்தால் போதும். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஏறக்குறைய ஐந்தாறு வாரப் பொறுமைதான் செலவு. அந்தப் பொறுமை இல்லாததால் நாங்கள் இழந்த குஞ்சை முருங்கை மரத்துக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தோம்.

மற்ற ஐந்தும் நலமாக இருக்கின்றன. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, அவற்றுள் ஒன்று கொக்கரித்துக் கூட்டையே இரண்டாக்கியது. பானைக்குள் சிறிய முட்டை ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது. சிஸ்டர் அந்த முதல் முட்டையைச் சிவகங்கைக்காரியின் கையிலேயே கொடுத்தார்கள். அவள் அதை எங்கள் எல்லோருடைய கையிலும் ஒரு முறை வைத்துவிட்டுத்தான் சமையற்கட்டுக்குக் கொண்டு போனாள்.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புதிய மாணவியர் பலர் பெட்டியும் கையுமாக விடுதி வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பை முடித்துச் சென்றிருப்போம். இங்கே இருக்கப்போகும் தங்கைகளே! கோழிகளுக்குப் பஞ்சாரம் விறகு அறையில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கோ, உணவறையில் உங்கள் மேசையில் ஓர் இடம் இருக்கட்டும்.